தீக்குச்சியும் செப்புக் கம்பியும்

போன வாரம் நர்மதாவைத் திருச்செங்கோட்டுக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், நான்கு யோகா மேட்டுகளுக்கு நடுவே, நெஞ்சில் கைவைத்தபடி நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. நர்மதா அந்தக் கூடத்தில் காலையில் பெண்களுக்கு யோகா சொல்லித் தருகிறவள். ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் இன்ஜினியரிங் காலேஜ், இனி எங்கள் வளாகத்தில் பிளாஸ்டிக்கே கூடாது என்று வாசலில் போர்டு வைத்த சூட்டோடு, பெண்கள் விடுதிக்கு மேட் தேர்ந்தெடுக்கும் வேலையை இவள் தலையில் கட்டியிருந்தது. மண்ணைக் கெடுக்காத மேட்டாக ஒன்றைப் பார்த்து, இதில் பிளாஸ்டிக் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாதிரிகள் வந்து இறங்கின. யார் அனுப்பியது என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று, விடுதி வார்டன் ரஞ்சனி பெயர்ச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு அனுப்பியிருந்தாள்.

சீட்டைக் கிழித்தாள், சரி. நாலாம் எண்ணைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை யார் அவிழ்ப்பது? அறுந்த பாவு இழையை ஒட்டுவதற்குத் தறியில் போடுகிற முடிச்சு அது. அதைப் போட்டு முடித்தபின் நுனியை இன்னொரு தரம் உள்ளே சொருகிவிடும் வழக்கம், நர்மதாவுக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு. குமாரபாளையத்தில் இருக்கும் அவளுடைய அம்மா, செல்லியம்மாள்.

ஆக, நாலாம் எண் தம்பி கௌதமனுடையது. துண்டு ஓட்டிக்கொண்டிருந்த விசைத்தறிகளில் சணலை ஏற்றி, யோகா மேட் நெய்யப் போகிறேன் என்று ஊர் சிரிக்கச் சிரிக்க இறங்கியவன். இந்த ஆர்டர் கிடைத்தால்தான் அந்தத் தறிகள் ஓடும். கிடைக்காவிட்டால் சிரித்தவர்கள் சொன்னது சரியாகிவிடும்.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஃபாரத்தை அனுப்பிப்போடுங்க மேடம்" என்று விடியும்போதே ரஞ்சனி போனில் நினைவூட்டிவிட்டாள்.

நர்மதா ஒரு முடிவு செய்தாள். முடிச்சைப் பார்த்ததை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. வகுப்புப் பெண்கள் சொல்லட்டும்.

முதலில் ஒன்றாம் எண்ணைப் பிடித்துக்கொண்டவள் கண்ணாத்தாள். தேவனாங்குறிச்சித் தோட்டத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், ஐம்பத்தைந்து வயது, வாய்க்கு வயது இருபது.

"ஏனுங்க டீச்சர், மண்ணக் கெடுக்காத சாமான்னா இந்தக் கோரைப் பாய் போதாதுங்களா? மோகனூர்ப் பக்கம் வயக்காட்டுலயே வெளையுது. தூக்கிக் கெடாசுனா மக்கிப் போகுது. இதுக்கு எதுக்குங்க நாலு மாதிரி?"

"குனிஞ்சு கையை ஊனுங்க பார்க்கலாம்."

கண்ணாத்தாள் இடுப்பைத் தூக்கி, கையை ஊன்றினாள். கோரைப் பாய் அவளையும் ஏற்றிக்கொண்டு டைல்ஸ் தரையில் இரண்டடி நகர்ந்தது.

"அட சாமி! இன்னும் ரெண்டு மிதி மிதிச்சா ஊட்டுக்கே போய்ச் சேந்துருவனாட்ட இருக்குது!"

கூடமே சிரித்தது. இரண்டாம் எண் கெட்டியான பருத்தி விரிப்பு. அதுவும் வழுக்கியது, வேர்வையையும் குடித்து வைத்துக்கொண்டது. மூன்றாம் எண் கறுப்பு ரப்பர். தரையைக் கவ்விப் பிடித்தது, ஆனால் மூக்கை வைத்தவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். "டயர் கடைக்குள்ள படுத்தாப்பல இருக்குதுங்க" என்றாள் கண்ணாத்தாள். நாலாம் எண்ணுக்கு மேலே பொன்னிறச் சணல், அடியில் பச்சை நிறத்தில் ஒரு மெத்தைப் பட்டை. நகரவில்லை, நாறவில்லை, பார்க்கவும் களையாக இருந்தது.

வகுப்புக்கு வந்திருந்த பதினொரு பேரும் நாலாம் எண்ணுக்குக் கை தூக்கினார்கள்.

நர்மதாவுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. என் தம்பி நெய்தது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதே நேரத்தில் அடிமனசில் ஒரு உறுத்தல். சொந்தக்காரன் சரக்கு என்றால் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்பது அவள் அப்பா காலத்துப் பழக்கம். எல்லாரும் போனபின் நாலாம் எண்ணைப் புரட்டி, அடிப்பக்கத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். லேசாக, மிக லேசாக, புது ஸ்கூல் பேக் வாசம் அடித்தது.

இது என்னவாக இருக்கும்?

நாலையும் சுருட்டி ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படியில் செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு தூக்குப் போசி, இடுப்பில் சுருக்குப் பை.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தன் சாமி" என்றாள்.

செல்லியம்மாள் சும்மா பஸ் ஏறுகிறவளா! நர்மதா காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாய் குடிப்பதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"தம்பி பொழப்பு உங்கையிலதான் இருக்குதாமா?"

"முடிச்சைப் பார்த்தேன்மா."

"பாப்பேன்னு தெரியும். அதுக்குத்தான போட்டேன்."

"அம்மா! அதெல்லாம் தப்பு. கண்ண மூடிட்டு என்னால கையெழுத்துப் போட முடியாது."

"ஆரு கண்ண மூடச் சொன்னா? நெருப்பு வெச்சுப் பாரு. நெருப்புக்கு அக்கா தம்பி தெரியாது." சுருக்குப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வைத்தாள் அம்மா.

தறிக்காரர் வீடுகளில் இது வேதம். எந்தத் துணியாக இருந்தாலும் ஓர் இழையை உருவி, கொளுத்தி, மோந்து பார்ப்பார்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையாகத் திரண்டால் பாலியஸ்டர். முடி பொசுங்குகிற வாசம் வந்தால் பட்டு. நர்மதாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைப் புடவையில், சம்பந்திகள் கண்ணெதிரிலேயே இழை உருவிக் கொளுத்திப் பார்த்தபிறகுதான் வெற்றிலை பாக்கில் கைவைத்தாள் செல்லியம்மாள். அதை நர்மதாவின் நாத்தனார் இன்றைக்கும் பேச்சில் குத்திக் காட்டுவாள்.

பின்கட்டுத் துவைகல்லின் மேல் பரீட்சை தொடங்கியது. கோரை வைக்கோலாக எரிந்தது. பருத்தி காகித வாசத்தோடு எரிந்தது. நாலாம் எண்ணின் சணல் இழையும் அப்படியே, சாம்பல் விரலில் மாவாக ஒட்டியது.

"அசல் சணலு! ஒரு இழை கலப்பில்ல!" அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மூன்றாம் எண்ணின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொளுத்தினார்கள். அவ்வளவுதான், குபுகுபுவென்று கரும்புகை. சொட்டுச் சொட்டாக உருகிக் கல்லில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னல் படீரென்று சாத்தப்பட்டது.

"முழுப் பிளாஸ்டிக்கு! பேரு மட்டும் ரப்பராக்கும்!"

நர்மதாவும் அதே வீட்டில் பிறந்தவள்தானே. சந்தேகமே வரவில்லை. ஃபாரத்தை எடுத்து, மூன்றாம் எண்ணுக்கு நேரே 'பிளாஸ்டிக்' என்று எழுதியேவிட்டாள். எழுதியபின் கை நின்றது. தம்பிக்கு எதிரே நிற்கிற ஒரே நல்ல மேட்டை, தம்பியின் அம்மா வைத்த நெருப்பைக் கொண்டு தள்ளுகிறோம். அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடலாமா? மேட்டின் மூலையில், ரஞ்சனியின் கண்ணுக்குத் தப்பிய சின்னச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. வெயிலில் போட வேண்டாம் என்ற குறிப்பு, கீழே ஒரு போன் நம்பர்.

எடுத்தது ஒரு பெண். குலசேகரம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.

"ஏங்க, உங்க மேட்டுக்கு நெருப்பு வெச்சுப் பார்த்தோம். கரும்புகையா வருதுங்க. இது பிளாஸ்டிக்தானுங்களே?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"தீ வச்சியளா? அம்மா, எங்க பக்கம் மழைக்காலத்துல அடுப்பு பத்த வைக்கதே ஒட்டுப்பால் துண்ட வச்சுதான். ரப்பர் மரத்துல வடிஞ்சு அப்பிடியே ஒட்டி ஒணங்கின பாலு. அது எரிஞ்சா வீடு முழுக்க கரும்புகைதான். மரத்துப் பாலு அம்மா அது! நல்லெண்ணெ வெளக்குலயும் கரி புடிக்குல்லா, அதையும் பிளாஸ்டிக்குன்னு சொல்லுவியளா?"

நர்மதாவுக்குக் காது சிவந்துவிட்டது.

"அந்த வாசம்...?"

"நெழல்ல பத்து நாளு விரிச்சுப் போடுங்க, போயிரும். வெயில் மட்டும் ஆகாது, வெடிச்சுப் போவும். அப்புறம் ஒரு காரியம். ரப்பர் பாலு ஒத்துக்கிடாத ஆளுவளும் உண்டு, தோலு தடிக்கும். பிள்ளையளிட்ட கேட்டுட்டு வாங்குங்க."

தன் சரக்கின் குறையைத் தானே சொல்லி விற்கிற ஆள்! நர்மதா போனை வைத்துவிட்டு, எழுதிய 'பிளாஸ்டிக்'கை இரண்டு கோடு போட்டு அடித்தாள்.

"ஏஞ்சாமி அடிக்கற? நெருப்பு பொய் சொல்லுமா?"

"நெருப்பு பொய் சொல்லலைம்மா. நூலைக் கேட்டா நூலைப் பத்திச் சொல்லும். ரப்பரை எப்படிக் கேட்கறதுன்னு நமக்குத் தெரியலை." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவள் பார்வை நாலாம் எண்ணின் பச்சைப் பட்டையில் போய் நின்றது. "அம்மா, இதுல நாம மேல்நூலைத்தானே கொளுத்தினோம்?"

"நூலுதான நம்ம பொறுப்பு? அடியில ஒட்டறது வேற ஆளு. அது செடியில இருந்து எடுக்கற ரப்பராமா. தம்பி சொன்னான்."

"நீ நெருப்பு வெச்சுப் பார்த்தியா?"

செல்லியம்மாள் கையிலிருந்த தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயதுவரை கடைக்காரன், சம்பந்தி, சாமி புடவை என்று எதையும் விட்டுவைக்காதவள், பெற்ற பிள்ளையின் சரக்கில் பாதியை நம்பி விட்டுவிட்டாள்.

அடிப்பட்டையில் ஒரு நறுக்கை வெட்டிக் கொளுத்தினார்கள். அதுவும் கரும்புகைதான். மரத்துப் பாலா, பிளாஸ்டிக்கா? இரண்டுக்கும் ஒரே புகை என்றால் எப்படித்தான் பிரித்துப் பார்ப்பது? தீக்குச்சிக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மூன்றிலும் நாலிலும் ஒவ்வொரு நறுக்கை வெட்டிக் காகிதத்தில் மடித்து எண் எழுதி, ஃபாரத்தையும் எடுத்துக்கொண்டு, சோற்று கேரியரோடு கிளம்பினாள் நர்மதா.

அவள் கணவன் குமரகுரு, சங்ககிரி ரோட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். போர்வெல் ரிக் லாரிகள் ஊரெல்லாம் குழி போடுகிறவரை, குழிக்குள் இறங்கிய மோட்டார்கள் எரிந்து எரிந்து இவனிடம் வந்துகொண்டேதான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் வேலை சொன்னால் முகம் தூக்குகிறவன், 'ஒரு சந்தேகம்' என்றால் மட்டும் சோற்றை மறந்துவிடுவான்.

"ஏனுங்க, ஒரு பொருள் மரத்து ரப்பரா, இல்ல ஸ்கூல் பேக் செய்யற பி.வி.சி. பிளாஸ்டிக்கான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? ஏதாச்சும் லேபுக்கு அனுப்போணுமா?"

"லேபா? எதுக்கு?" கேரியரைத் தள்ளி வைத்துவிட்டான். "தண்ணிக்குள்ள எறங்கற மோட்டாருக்கு நாம சுத்தறது என்ன? பி.வி.சி. போத்துன செம்புக் கம்பி. எரிஞ்சுபோன பழைய கம்பியக் காயலாங்கடைக்காரங்க காட்டுல போட்டுக் கொளுத்துவாங்க, பாத்துருக்கியா? தீ என்ன கலர்ல இருக்கும்?"

"பார்த்ததில்லீங்க."

"பச்சை! செம்பும் பி.வி.சி.யும் ஒண்ணாச் சேந்து நெருப்புல நின்னா பச்சையா எரியும். மரத்து ரப்பருக்கு அந்தக் கலரு வராது. அக்கட்டத் தள்ளி நில்லு, பொகைய மோந்து கீது பாத்துப்போடாத. இது உங்கம்மா பண்ற பரீட்சை இல்ல."

ஒரு சாண் செப்புக் கம்பியை எடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தான். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் கம்பியைக் காட்டினான். முதலில் கொஞ்சம் நிறம் காட்டி, பிறகு சுடர் வெறுமனே நீலமாக எரிந்தது. "இப்பச் சுத்தம்" என்றான். சிவந்த நுனியைக் கீழே கிடந்த மோட்டார் ஒயரின் மேல்தோலில் ஒரு தொடு தொட்டு, மறுபடி சுடரில் நீட்டினான்.

பளீரென்று பச்சை.

"ஐயோ, அழகா இருக்குதுங்க!" நர்மதா சின்னப் பிள்ளையாகக் கைதட்டிவிட்டாள். மயில்கழுத்துப் பட்டின் நிறம், அப்படியே சுடராக நின்றது.

"இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினான். பிறகு கம்பியைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிட்டு, மூன்றாம் எண்ணின் நறுக்கைத் தொட்டான். மஞ்சளாக எரிந்தது, புகைந்தது, கரி கக்கியது. பச்சை மட்டும் வரவே இல்லை. குலசேகரத்து அம்மா சொன்னது சொன்னபடி இருந்தது.

கைதட்டிச் சிரித்த நர்மதா, நாலாம் காகிதத்தைப் பிரிக்கும்போது திருச்செங்கோட்டு மலையில் இருக்கிற சாமியை மனசுக்குள் கூப்பிட்டாள்.

கம்பி தொட்டது. சுடருக்குள் போனது.

பச்சை.

"நல்லாத் தேச்சீங்களா? முன்னாடி ஒட்டுனது ஏதாச்சும் மிச்சம் இருக்கப் போகுது."

புதுக் கம்பி எடுத்தான். பச்சை. மூன்றாம் தரம் அவளே வாங்கித் தன் கையால் செய்து பார்த்தாள். நிறம் மாறவில்லை.

"இருக்கற இல்லாத பேரெல்லாம் சொல்லி ஊரை ஏமாத்தறானுங்க" என்றான் குமரகுரு, உற்சாகமாக. "எந்தக் களவாணிப் பய கம்பெனி இது?"

"உங்க மச்சினன் கம்பெனிதானுங்க."

குமரகுரு டார்ச்சை அணைத்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நர்மதா, நான் ஒண்ணு சொல்றன். மூணாம் நம்பர் நல்லாருக்குதுன்னு மட்டும் எழுதிக் குடுத்துரு. நாலுக்கு எதுவும் எழுதாத, காலியா உட்ரு. ஆருக்கும் பொல்லாப்பு இல்ல."

நல்ல யோசனைதான். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் ஃபாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலியாக விட்டால் தம்பிக்குத் தெரியாமல் போய்விடும். தெரியாமல் இன்னும் நூறு மேட் நெய்வான், அத்தனையிலும் இந்தப் பட்டையை ஒட்டி, பிளாஸ்டிக் இல்லை என்று வாய் நிறையச் சொல்லி விற்பான்.

மூன்று மணிக்கு ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். பின்னாலேயே பைக்கில் கௌதமன். அம்மா போன் செய்து வரவழைத்திருக்கிறாள். முப்பத்தொரு வயதுப் பிள்ளை, சட்டையெல்லாம் சணல் தூசி.

"அக்கா, எல்லாரும் நாலுக்குத்தான் கை தூக்கினாங்களாமா?" சிரிப்பு முகம் முழுக்க இருந்தது. அம்மா நல்ல பாதியை மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள்.

மீதிப் பாதியை நர்மதா சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது.

"அடியில ஒட்டறவன் செடி ரப்பர்னுதானக்கா சொன்னான்! பேப்பர்ல எழுதியே குடுத்தான்!"

"நீ பார்த்தியா?"

"என் தறியில நெய்யற மேல்நூல்ல ஒரு குத்தம் சொல்லு பாக்கலாம்! ஆறு மாசமாப் படாத பாடு பட்டு நெய்ஞ்சிருக்கறேன். ஒரு துண்டுக் கம்பியும் டார்ச்சும் வெச்சுக்கிட்டு அத்தனையும் பொய்யிங்கிற! உனக்கு எம்மேல என்னக்கா கோவம்?"

"கோவமா?" என்றாள் நர்மதா. "காலையில பதினோரு பேரும் உன் மேட்டுக்குக் கை தூக்கினப்ப எனக்கு அழுகை வந்துருச்சுடா. எந்தம்பி நெய்ஞ்சதுன்னு கத்தணும்னு இருந்துச்சு. இப்பவும் இந்தக் கம்பி தப்பாச் சொல்லியிருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கறேன். நீயே பாரு. எங்கையால வேண்டாம்."

கௌதமன் குமரகுருவைப் பார்த்தான். "மச்சான், குடுங்க அத."

குமரகுரு டார்ச்சை மறுபடி பற்றவைத்து, புதுக் கம்பி ஒன்றைத் தேய்த்துக் கொடுத்தான். கௌதமன் சுடரில் காட்டிச் சுத்தம் பார்த்தான். வண்டியில் வைத்திருந்த புது மேட் ஒன்றை எடுத்து வந்து, அடிப்பட்டையில் கம்பியை அழுத்தி, சுடருக்குள் நீட்டினான்.

அந்தப் பச்சை வெளிச்சம் நாலு பேர் முகத்திலும் விழுந்தது.

கௌதமன் கம்பியை ஏந்தியபடி அப்படியே நின்றான். ஏமாற்றியவனைவிட ஏமாந்தவனுக்குத்தான் வெட்கம் அதிகம் என்பார்கள். அதை அன்றைக்குத்தான் நர்மதா கண்ணால் பார்த்தாள்.

செல்லியம்மாள் எழுந்தாள். மேசையில் கிடந்த ஃபாரத்தை எடுத்து மகள் முன்னால் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தாள்.

"நெருப்புக்கு அக்கா தம்பி தெரியாதுன்னு காலைல வாய் கிழியச் சொன்னவ நாந்தான். எழுது சாமி."

நர்மதா எழுதினாள். மூன்றாம் எண்: மரத்து ரப்பர், வாங்கலாம், நிழலில் உலர்த்தவும், ரப்பர் ஒவ்வாதவர்களை முதலில் கேட்கவும். நாலாம் எண்: மேல்பக்கம் அசல் சணல், நெசவு மிக நேர்த்தி, அடிப்பக்கம் பி.வி.சி., தகுதியில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கௌதமன் எட்டிப் படித்தான். "நெசவ நல்லா எழுதியிருக்கற" என்றான் மெதுவாக.

"உள்ளதைத்தான் எழுதினேன்."

குமரகுரு அதைப் படம் எடுத்து ரஞ்சனிக்கு அனுப்பினான். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நர்மதா நினைத்தாள். ஆனால் கௌதமன் கிளம்பவில்லை. வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். அடிக்கறதுன்னா அடிச்சுரு."

தோள்பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தான். மேட்டைச் சுற்றி ஒட்டுகிற அட்டைச் சீட்டு. அதில் ஒற்றைக் காலில் நின்று கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள் நர்மதா. பொங்கலுக்கு அவன் எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில்: 'பிளாஸ்டிக் துளியும் இல்லை. சொல்வது உங்கள் யோகா ஆசிரியை நர்மதா.'

"இது... எதுலயாச்சும் ஒட்டியாச்சா?"

"சேலத்துல. கொண்டப்பநாயக்கன்பட்டியில ஒரு சின்னப் புள்ளைக பள்ளிக்கூடம். மத்தியானம் புள்ளைகளப் படுக்க வெக்கறதுக்கு நாப்பது மேட் கேட்டாங்க. போன வாரம் திங்கக்கிழமையே குடுத்துட்டேன்."

"என்னைக் கேட்காமயா?"

"உனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சேன். ஆர்டர் வந்தப்புறம் மொத்தமாச் சொல்லலாம்னு..."

நர்மதா அவனை அடிக்கவில்லை. அட்டையில் சிரிக்கிற தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு கையெழுத்துக்காக இவ்வளவு பாடு பட்டோமே, அதே வாக்கு பத்து நாளாகச் சேலத்தில் படுத்துக் கிடக்கிறது!

அப்போதுதான் கௌதமனின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் எடுக்காமல் அக்காவிடம் நீட்டினான். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை.

"கௌதமன் சார், மேட் ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் முப்பது வேணும்..." என்று தொடங்கியது குரல்.

"நான் அவர் அக்கா நர்மதா பேசறேனுங்க."

"அடடே, படத்துல இருக்கிற மேடமா? அந்த அட்டையைக்கூட நாங்க கழட்டலைங்க. தினம் உங்களுக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் புள்ளைங்க படுக்குதுங்க."

நர்மதா கண்ணை மூடித் திறந்தாள். போனிலேயே சொல்லிவிடலாம்தான். நாக்கு வரைக்கும் வந்தது.

"மேடம், பள்ளிக்கூடம் விட்டாலும் நீங்க அங்கேயே இருப்பீங்களா?"

"மாடியிலதான் குடியிருக்கேன். ஏங்க?"

"நேர்ல வாரேனுங்க. இன்னைக்கே. புது ஆர்டருக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

போனை வைத்தாள். கௌதமன் தலைகுனிந்து நின்றான். "நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு, திரும்ப எடுத்துட்டு வாரேன்க்கா. நீ எதுக்கு?"

"மூஞ்சி என்னுதுடா. நானும் வாரேன்."

குமரகுரு டார்ச்சை ஒரு பையில் போட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். செல்லியம்மாள் மேசைமேல் கிடந்த செப்புக் கம்பியை எடுத்து, முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். பிறகு சுருக்குப் பையைத் திறந்து தீப்பெட்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பியைப் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"நடங்க. வாயில சொன்னா நம்ப மாட்டாங்க" என்று முதல் ஆளாகப் படி இறங்கினாள்.